பீப்பாவிற் கிடக்கும் மதுவுக்கு முற்பணம்
போர்தோ வணிக வரலாற்றில் ஒரு பகுதி

பிரான்சின் தென்மேற்குக் கோடியிலே, கரோன் நதிக்கரையில் அமைந்தது போர்தோ நகரம். அந்நகரைச் சூழ்ந்த முந்திரிகைத் தோட்டங்களிலிருந்து வரும் செந்நிற வைன் உலகெங்கும் பெயர் பெற்றது. அதன் சுவையைப் பற்றிப் பேசுவதற்குத் தகுதியுடையோர் வேறுளர். நாம் இங்கு ஆராயப் புகுவது அதனை விற்கும் முறையினையே.

செத்தெம்பர், ஒக்டோபர் மாதங்களிற் பறித்த பழம் பிழிந்து புளிக்கவைக்கப்பட்டு ஓக் மரப் பீப்பாக்களில் ஊற்றப்படுகின்றது. அடுத்த ஏப்பிரில் மாதத்திலே, பறித்து ஓராண்டேனும் நிறையாத அந்த இளவைனின் மாதிரியைப் பல தேசங்களிலிருந்தும் வரும் வணிகரும் விமர்சகரும் வாயிலிட்டுச் சுவைத்து, உமிழ்ந்து, குறிப்பெழுதிக்கொள்கின்றனர். மே, யூன் மாதங்களிலே தோட்ட உரிமையாளர் விலை கூறுகின்றார். நல்ல ஆண்டாயின், கூறிய சில மணித்தியாலங்களுள் விற்பனை முடிந்துவிடுவதும் உண்டு. வாங்கியவர் பணத்தை அப்பொழுதே கட்டிவிடுகின்றார். பொருளோ பீப்பாவிலேயே கிடக்கின்றது. அது போத்தலில் அடைக்கப்பட்டுக் கப்பலேறி அவர் கையை வந்தடைய மேலும் இரண்டாண்டு வரை செல்லும். பிரெஞ்சு மொழியில் இம்முறையை 'ஆன் பிரிமேர்' என்பர்.

முடிவுபெறாத ஒரு பொருளுக்கு முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்க ஒருவர் உடன்படுவது ஏன்? பின்னர் விலை ஏறிவிடும், இப்பொழுது வாங்கினால் மலிவு என்பது வணிகர் கூறும் விடை. அது சில ஆண்டுகளில் உண்மையாகவும் பல ஆண்டுகளிற் பொய்யாகவும் முடிந்திருக்கின்றது. வரலாற்றைப் பயில்வோர் கேட்கவேண்டிய வினா வேறொன்று: வைன் முதிர்வதற்கு வேண்டிய காலத்தின் செலவை யார் ஏற்கின்றனர்? 'மூலதனம்' நூலின் இரண்டாம் பாகத்தை, மார்க்ஸ் மறைந்தபின், 1885இல் எங்கெல்ஸ் பதிப்பித்தார். உழைப்புக் காலம் வேறு, உற்பத்திக் காலம் வேறு என்று மார்க்ஸ் அங்கே பிரித்துக் காட்டுமிடத்தில் முந்திரிகைச் சாறும் ஓர் எடுத்துக்காட்டாக வருகின்றது. மனிதக் கை விலகிய பின்னரும் பொருள் நிலவறையிலே தானாக முதிர்கின்றது. அதுகாறும் அதில் இட்ட முதல் முடங்கிக் கிடக்கின்றது. (எங்கெல்சுக்கு இவ்விடயத்தில் ஏட்டறிவு மட்டுமன்றி அனுபவமும் உண்டு. 1868இல் மார்க்சின் மகள் யென்னிக்காக அவர் எழுதிய விளையாட்டு வினாவிடையில், மகிழ்ச்சி யாது என்ற வினாவுக்கு 1848ஆம் ஆண்டுச் சத்தோ மார்கோ என்று விடை தந்தார். அது புரட்சி ஆண்டுமாகும் என்பதை வாசகர் மறந்திரார்.) முடங்கிய முதலுக்கு வட்டி உண்டு, முதிரும்போது கெட்டுவிடக்கூடும் என்ற ஆபத்தும் உண்டு. இவ்விரு சுமைகளும் எண்ணூறு ஆண்டுகளாக யாருடைய தோளிலிருந்து யாருடைய தோளுக்கு மாறி வந்தன என்பதே போர்தோ வணிகத்தின் வரலாறு எனலாம்.

1152இலே அக்கித்தேன் நாட்டின் உரிமைப் பெண்ணான எலியனோர், ஆங்கில அரசுரிமை கோரிய ஹென்றியை மணந்தாள். ஈராண்டின் பின் அவன் இங்கிலாந்தின் மன்னனானான். போர்தோ அன்று தொட்டு 1453 வரை, ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள், ஆங்கில முடியோடு பிணைந்திருந்தது. பாடநூல்கள் இம்மணத்தையும் அதனைத் தொடர்ந்த போர்களையும் விரித்துரைக்கும். பீப்பாக்களைப் பற்றி மூச்சு விடா. 1224இலே லா ரோசேல் துறைமுகம் பிரெஞ்சு மன்னன் கைக்குப் போனபின் இங்கிலாந்தின் வைன் வணிகம் பெரும்பாலும் போர்தோவுக்கே வந்து சேர்ந்தது. 1308, 1309ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஒரே ஆண்டில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட 'தொன்' வைன் அங்கிருந்து கப்பலேறிற்று. தொன் என்பது பெரும் பீப்பா. ஏறத்தாழ 900 லீற்றர் கொள்வது. கப்பல்களின் கொள்ளளவை நாம் தொன் கணக்கிற் கூறுவது இந்தப் பீப்பாவிலிருந்து வந்த வழக்கேயாம்.

அக்காலத்து வைன் நெடுநாள் நில்லாது. போத்தலும் தக்கையும் வழக்கில் இல்லை. பீப்பாவிற் காற்றுப் புகுந்தால் அடுத்த கோடையிலேயே புளித்துக் காடியாகும். எனவே புது வைனுக்கே விலை. பழையதை அரைவிலைக்கும் கொள்வாரில்லை. இன்றைய வைன் பித்தர்கள் இதனைக் கேட்டால் வியப்பர். இலையுதிர் காலத்திற் கப்பற் கூட்டம் வரும். நத்தாருக்கு முன் இலண்டனை அடையவேண்டும். அக்கப்பல் புறப்படுமுன் விற்றவன் பிழைத்தான்.

இந்நிலையிற் காலமே ஆயுதமாயிற்று. போர்தோ நகரத்துச் செல்வர், நதியின் மேற்புறத்துக் குடியானவர்களின் வைன் தம் துறைமுகத்துக்கு உரிய காலத்தில் வந்து சேராதபடி அரசனிடம் சலுகை பெற்றுக்கொண்டனர். கயாக், பெர்செராக் முதலிய மேல்நாட்டுப் பகுதிகளின் வைன், முதலில் நவெம்பர் 11ஆம் நாளாகிய புனித மார்ட்டின் திருநாள் வரையிலும், பிற்காலத்தில் நத்தார் வரையிலும், நகருக்குள் வரலாகாது. அதற்குள் கப்பல்கள் போய்விடும். எஞ்சிய வைனை மேல்நாட்டான் கேட்ட விலைக்கே தள்ளிவிடவேண்டும். அவனுடைய வைன் சுவையிற் குறைந்ததென்று சட்டம் கூறவில்லை. காத்திரு என்று மட்டுமே கூறிற்று. ஆங்கில ஆட்சி போயிற்று, பிரெஞ்சு மன்னர் வந்தனர், இச்சலுகை மட்டும் போகவில்லை. 1776இலே அமைச்சர் துர்கோ அதனை ஒழிக்கும் ஆணையைப் பிறப்பிக்கும் வரை ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அது நிலைத்தது.

பதினேழாம் நூற்றாண்டிலே ஒல்லாந்தர் வந்தனர். பீப்பாவினுள் கந்தகத்திரி கொளுத்தினால் வைன் எளிதிற் கெடாது என்ற நுட்பத்தை அவர்களே பரப்பினர். மெதொக் பகுதியின் சதுப்பு நிலங்களை வடித்தவரும் ஒல்லாந்துப் பொறியியலாளரே. போத்தலும் தக்கையும் மெல்ல வழக்குக்கு வந்தன. 1663இலே இலண்டனில் ஒரு மதுச்சாலையில் 'ஓ பிரியான்' என்ற புதுவகை வைனைக் குடித்ததாகச் சாமுவேல் பெப்பிஸ் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அது போர்தோ நீதிமன்றப் பிரபுவான பொந்தாக் என்பாருடைய தோட்டத்து வைன். ஒரு தோட்டத்தின் பெயரால் வைன் விலைபோகத் தொடங்கியதும், வைத்துப் பழகினாற் சுவை ஏறும் என்று மக்கள் கண்டதும் இக்காலத்தையொட்டியே. முன்பு வைனைக் கெடுத்த காலம் இப்பொழுது அதற்கு விலையை ஏற்றும் முதலாயிற்று. காத்திருக்க வல்லவனுக்கே இலாபம் என்ற நிலை பிறந்தது.

யார் காத்திருக்க வல்லவர்? குடியானவன் அல்லன். பழம் பறிக்கும் கூலியாட்களுக்கு உணவும் கூலியும் கொடுக்கவும், புதுப் பீப்பா வாங்கவும், வரி கட்டவும் அவனுக்கு உடனே காசு வேண்டும். பிரபுக்களுக்கு நிலம் இருந்தது. ஆயினும் அவர்களுட் பலர் வைனை ஈராண்டு மூவாண்டு நிலவறையில் வைத்துப் பேணும் தொல்லையை விரும்பினாரில்லை. அந்த இடத்திலேதான் நகர மதிலுக்கு வடக்கே, ஆற்றோரமாகிய சார்த்தரோன் பகுதியில், வணிகர் வந்து குடியேறினர். அயர்லாந்திலிருந்து பார்டன், ஸ்கொத்லாந்து வழிவந்த ஜோன்ஸ்டன், ஜெர்மானியத் துறைமுகங்களிலிருந்து ஷ்ரோடர், ஷீலர் என இவர்களுட் பலர் அயல்நாட்டார், புரட்டஸ்தாந்தர். தோட்டத்துக்கும் வணிகருக்கும் இடையே நின்றவர் தரகர். இருசாராரையும் அறிந்தவர்; ஒவ்வோராண்டும் எந்தத் தோட்டம் எவ்விலைக்குப் போயிற்று என்று ஏட்டிற் குறித்தவர்; விற்ற விலையில் நூற்றுக்கு இரண்டு தமக்கென எடுத்துக்கொண்டவர்.

பழம் பறித்த அடுத்த மாதங்களிலே தரகர் பீப்பாவிலிருந்து சுவை பார்ப்பர். வணிகர் வாங்கிப் பீப்பாக்களைச் சார்த்தரோன் நிலவறைகளுக்கு ஏற்றிச் செல்வர். அங்கே ஆங்கிலேயர் நாவுக்கு ஏற்பச் சிறிது ரோன் பள்ளத்தாக்கு வைனோ எசுப்பானிய வைனோ கலந்து, முதிரவைத்து, வேண்டியபோது கப்பலேற்றுவர். சில ஆண்டுகளிற் பழம் பறிக்கு முன்பே, கொடியில் நிற்கும்போதே, விலை பேசி முடிப்பதும் உண்டு. ஆக, முன்கூட்டி வாங்குதல் என்பது புதுமையன்று. ஆனால் அன்று முன்கூட்டி வாங்கியவன் வலியவன். விற்றவன் பெரும்பாலும் காசுக்குத் தவித்தவன். காலச் செலவை வணிகன் ஏற்றான். அதற்கு ஈடாக விலையைத் தன் விருப்புக்கு இறக்கிக்கொண்டான்.

அந்த முதல் எங்கிருந்து வந்தது என்று வினவாமற் செல்வது முறையன்று. பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்தோவின் எழிலார்ந்த கல்மாளிகைகளைக் காண்போர் முந்திரிகைக் கொடியையே நினைப்பர். ஆனால் அந்நகரின் பெருஞ்செல்வம் கரிபியன் தீவுகளிலிருந்து, சிறப்பாக இன்று எயிட்டி எனப்படும் சான் தொமேங்கிலிருந்து, வந்த சீனியிலும் கோப்பியிலும் திரண்டது. அத்தீவுகளுக்கு வைனும் மாவும் ஏற்றிய கப்பல்கள் சென்றன. அவற்றோடு, ஆபிரிக்கக் கரையிலே மனிதரை ஏற்றுவதற்கென்றே ஏறக்குறைய ஐந்நூறு கப்பற் பயணங்கள் போர்தோவிலிருந்து புறப்பட்டன. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆபிரிக்கர் அவ்வாறு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அடிமை முறையைத் தம் 'சட்டங்களின் உட்கருத்து' என்னும் நூலில் (1748) அங்கதமாக இடித்துரைத்த மோந்தெஸ்கியு இந்த நகரத்து நீதிமன்றத் தலைவராய் இருந்தவர். தம் தோட்டத்து வைனை இங்கிலாந்துக்கு விற்றவர். நகரத்தின் அக்கித்தேன் அரும்பொருட் சாலையில் இவ்வடிமை வணிகத்துக்கென நிலையான காட்சிக்கூடங்கள் திறக்கப்பட்டது 2009இலேதான்.

இவ்விடத்திலே நம்மவர் கையும் இக்கதையிற் படுகின்றது. புதுச்சேரியில் நெய்து நீலந்தோய்த்த 'கினி' எனப்படும் துணி பிரெஞ்சுக் கப்பல்களில் ஐரோப்பா சென்று, அங்கிருந்து மேற்காபிரிக்காவில் பண்டமாற்றுப் பொருளாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே செனகல் நாட்டுக் கருவேலம் பிசின் வணிகத்தைத் தம் கையில் வைத்திருந்தோர் போர்தோ வணிகரே. பிசினுக்கு மாற்றாக அவர்கள் கொடுத்தது இந்தத் தமிழ்க்கரைத் துணியே. சோழமண்டலக் கரையின் நெசவாளரும் முற்பணம் வாங்கியவரே. கும்பனி, உள்ளூர் வணிகர் மூலமாக நெசவுக்கு முன்பே பணம் கொடுத்தது. விலையையும் அப்பொழுதே தீர்த்தது. ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தோர் இவ்வொப்பந்தங்களையும் அவற்றைச் சூழ்ந்த பேரங்களையும் அறிவர். முற்பணம் பெற்ற நெசவாளன் பிறருக்கு விற்க உரிமையற்றவன். நூல் விலை ஏறினால் நட்டம் அவனுடையது. முற்பணம் அவனைக் கட்டிப்போட்டது. முற்பணம் என்ற ஒரே செயல் இவ்வாறு ஒருவனை அடிமையாக்கவும், நாம் பின்னர்க் காணவிருப்பதுபோல் வேறொருவனை அரசனாக்கவும் வல்லது. கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையேயுள்ள வலிமையைப் பொறுத்தது அது.

1855இலே மூன்றாம் நெப்போலியன் பாரிசில் உலகப் பொருட்காட்சி நடத்தினான். அதற்கென மெதொக் பகுதியின் சிறந்த செவ்வைன்களைத் தரகர் சங்கம் ஐந்து படிகளாக வகுத்தது. முதற்படியில் லாபீத், லாத்தூர், மார்கோ, ஓ பிரியான் என நான்கு. (இவற்றுள் ஓ பிரியான் மட்டும் மெதொக்கினதன்று, அதன் புகழே அதற்கு இடம் தேடித் தந்தது.) அவ்வகுப்புக்குத் தரகர் கொண்ட அளவுகோல் பழைய ஏடுகளிற் குறித்திருந்த விலையே. விலை உயர்ந்தது, ஆகவே சிறந்தது. சிறந்தது, ஆகவே விலை உயர்ந்தது. இந்தச் சக்கரத்தை எவரும் இன்றளவும் உடைக்கவில்லை. 1973இலே மூத்தோன் என்ற தோட்டம் இரண்டாம் படியிலிருந்து முதற்படிக்கு உயர்த்தப்பட்டது ஒன்றே குறிப்பிடத்தக்க மாற்றம்.

வகுப்பு வெளிவந்த காலத்தையொட்டி வங்கி முதலாளிகளின் கண் தோட்டங்களில் விழுந்தது. 1853இலே மூத்தோனையும் 1868இலே லாபீத்தையும் றொத்சைல்டு குடும்பத்தார் வாங்கினர். இத்தோட்டங்களில் உழைத்தோர் நிலையைப் பற்றி விளம்பர ஏடுகள் அதிகம் பேசா. மெதொக்கிலே ஒரு குடும்பத்துக்குக் குறித்த சில துண்டு நிலத்தை ஒப்படைத்து, கிளை வெட்டுதல், கொடி கட்டுதல், உழுதல் அனைத்துக்கும் ஆண்டுக்கொரு தொகை பேசிவிடும் குத்தகைக் கூலிமுறை நிலவிற்று. வெட்டிய கிளைகளைப் பொறுக்குவதும் கொடியைக் கட்டுவதும் பெண்கள் வேலை. வைன் எவ்விலைக்குப் போயினும் அவர்கள் தொகை ஒன்றே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேர்ப்பேன் நோயும் பூஞ்சண நோயும் அடுத்தடுத்துத் தோட்டங்களை அழித்தன. சோர்ந்துபோன உரிமையாளர், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே, வரப்போகும் பல ஆண்டுகளின் விளைவு முழுவதையும் ஒரே விலைக்கு வணிகருக்கு எழுதிக்கொடுக்கவும் உடன்பட்டனர். பிறவாத பிள்ளைக்கு மணம் பேசுவது போன்ற இவ்வொப்பந்தங்கள் வணிகர் வலிமையின் உச்சம் எனலாம். அதன் பின்னர் தராசு மறுபக்கம் சாயத் தொடங்கிற்று. 1924ஆம் ஆண்டு விளைவை முழுவதும் தோட்டத்திலேயே போத்தலில் அடைப்பதென மூத்தோனின் பொறுப்பை ஏற்றிருந்த இளைஞர் பிலிப் த றொத்சைல்டு முடிவு செய்தார். பெயரும் முத்திரையும் தோட்டத்தானுக்காயின. சார்த்தரோன் நிலவறைகளின் தேவை குறைந்தது. 1970களின் தொடக்கத்திலே, வகுப்பிற் சேர்ந்த தோட்டங்கள் யாவற்றுக்கும் இதுவே கட்டாய விதியுமாயிற்று.

அந்த ஆண்டுகளிலேயே பெருவீழ்ச்சி நேர்ந்தது. 1972ஆம் ஆண்டு விளைவு தரங்குன்றியது. ஆயினும் விலையோ முன்னெப்பொழுதும் இல்லாதவாறு ஏறியிருந்தது. இவ்வாண்டு வாங்காதவனுக்கு அடுத்த ஆண்டு பங்கு கிடையாது என்று அஞ்சிய வணிகர் அவ்விலைக்கே வாங்கினர். 1973இன் இறுதியில் எண்ணெய் விலை நெருக்கடி வந்தது, வட்டி ஏறிற்று, வாங்குவோர் மறைந்தனர். பெயர்பெற்ற வணிக இல்லமொன்றைச் சிக்கவைத்த கலப்பட மோசடியும் அதே ஆண்டில் வெளிப்பட்டு, 1974இலே நீதிமன்றம் ஏறியது. பழைய வணிக இல்லங்கள் பல முதலிழந்தன. இனிமேல் வைனை வாங்கி ஆண்டுக்கணக்காக வைத்திருக்க அவற்றால் இயலாது.

அப்படியாயின் காலச் செலவை யார் ஏற்பது? விடை எளிதாகவே கிடைத்தது: குடிப்பவனே ஏற்கட்டும். பீப்பாவிலிருக்கும்போதே வணிகனுக்கு விற்ற தோட்டத்தான் போலவே, வணிகனும் பீப்பாவிலிருக்கும்போதே இறக்குமதியாளனுக்கும், அவன் இலண்டனிலோ நியூ யோர்க்கிலோ உள்ள தனிமனிதனுக்கும் விற்றனர். 1982ஆம் ஆண்டு விளைவு இதற்குத் துணைவந்தது. அமெரிக்காவின் மேரிலாந்தைச் சேர்ந்த ரொபேட் பாக்கர் என்னும் சட்டத்தரணி, தாம் 1978இலே தொடங்கிய சிற்றிதழில், பிற விமர்சகர் சிலர் தயங்கியபோது, அவ்வைனை வானளாவப் புகழ்ந்தார். வாங்கியோர் நல்ல இலாபம் கண்டனர். பரீட்சைத் தாளைத் திருத்துவது போல நூற்றுக்கு இத்தனை புள்ளி என்று அவர் இட்ட மதிப்பெண்ணே பின்னர் விலையை நிறுத்தும் கோலாயிற்று. நம் மாணவர் விடைத்தாளையாவது எழுதி முடித்தபின் திருத்துகின்றோம். இங்கோ கலவை முடிவாகாத, உரிமையாளரே தெரிந்தெடுத்துத் தந்த மாதிரிக்குப் புள்ளி இடப்பட்டது.

இங்ஙனம், குடியானவன் தவித்துக் கைநீட்டிய முற்பணம் பெருந்தோட்டத்தான் அமர்ந்தபடி வசூலிக்கும் முற்பணமாக உருமாறிற்று. வட்டியில்லாக் கடன் அவனுக்கு. காத்திருப்பதும், இடையிலுள்ள வணிகன் முறிந்துபோனால் பொருளையும் பணத்தையும் இழப்பதும் வாங்குபவனுக்கு. முழு விளைவையும் ஒரே நாளில் வெளியிடாமற் சிறு பகுதியை முதலில் ஒரு விலைக்கு விட்டு, அது விற்றதும் அடுத்த பகுதியை ஏற்றிய விலைக்கு விடும் தந்திரமும் வழக்கமாயிற்று. 2009, 2010ஆம் ஆண்டு விளைவுகளுக்குச் சீனத்துப் புதுச் செல்வரும் போட்டியிட, விலை எல்லை கடந்தது. 2011இன் நடுவிலிருந்து சந்தை சரிந்தது. முதற்படித் தோட்டங்களின் 2010ஆம் ஆண்டு வைனை முன்கூட்டி வாங்கியோர், பல்லாண்டு சென்றபின்னும் கொடுத்த விலைக்கே விற்க முடியாது நின்றனர். 2012 ஏப்பிரிலில் லாத்தூர் தோட்டம் இனி இம்முறையில் விற்பதில்லை என்று அறிவித்தது. வைனைத் தானே நிலவறையில் வைத்து முதிரச்செய்து ஏறிய விலைக்கு விற்க அதன் உரிமையாளரிடம் முதல் ஏராளம். காலம் இலாபம் தரும் என்று கண்டால் அதையும் தம்மிடமே வைத்துக்கொள்ள அவர் அறிவார்.

இவையெல்லாம் சில நூறு தோட்டங்களின் கதை. போர்தோவின் முந்திரிகைப் பயிர்ச்செய்கையாளர் ஆயிரக்கணக்கினர். அவருட் பெரும்பாலோருக்கு ஏப்பிரில் மாத விழாவும் இல்லை, புள்ளியும் இல்லை. அவர்கள் இன்றும் அதே 900 லீற்றர் கணக்கில், தொன்னாகவே, வணிகருக்கு விற்கின்றனர். உள்நாட்டிற் செவ்வைன் குடிப்போர் குறைந்தனர். சீனச் சந்தையும் சுருங்கிற்று. ஒரு தொன் ஆயிரம் யூரோவுக்கும் கீழே, செலவுக்கும் காணாத விலைக்குப் போகும் நிலை வந்தது. 2022 டிசெம்பரில் ஆயிரம் பேரளவிற் போர்தோ வீதிகளிலே திரண்டு ஊர்வலம் சென்றனர். 2024 பெப்ரவரியில், அளவிறந்த தாழ்ந்த விலை கொடுத்தமைக்காக இரண்டு வணிக நிறுவனங்கள் ஒரு பயிர்ச்செய்கையாளருக்கு மூன்று இலட்சம் யூரோவுக்கு மேல் நட்டஈடு கொடுக்கவேண்டுமென நகரின் வணிக நீதிமன்றம் தீர்த்தது. வழக்குத் தொடுத்தவர் ஒருவரே. ஏனையோர் அடுத்த ஆண்டும் அதே வணிகரிடம் விற்கவேண்டியவர்.

2025 வசந்தத்திலே 2024ஆம் ஆண்டு விளைவைப் பீப்பாவிலிருந்து சுவை காட்டிய பெருந்தோட்டங்கள் விலையை வெகுவாகக் குறைத்தும் முன்னைய ஆர்வம் காணப்படவில்லை. அதற்கு ஈராண்டு முன்னரே, 2023இல், வேறொரு திட்டம் அறிவிக்கப்பட்டிருந்தது: அரசும் வைன் தொழிற்சபையும் சேர்ந்து ஒதுக்கிய 5 கோடி 70 இலட்சம் யூரோவைக் கொண்டு 9,500 எக்டேயர் முந்திரிகைத் தோட்டத்தை வேரோடு பிடுங்குவது. கொடியைப் பிடுங்கி, நிலத்தைக் காடாக விடவோ வேறு பயிருக்கு மாற்றவோ உடன்படுபவருக்கு எக்டேயர் ஒன்றுக்கு 6,000 யூரோ.